ரயில் போனது, மீன் இல்லை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், கொழும்பில், ஒரு தமிழன் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, எந்த ரயில் எத்தனை மணிக்குப் போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அல்ல. எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல்.

அந்த மேதாவி நான்தான்.

அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் பாண் வாங்கப் போகிறவனை மடையன் என்று சொன்ன காலம் அது. என்னை எப்படி அழைப்பது என்பதற்கு அப்போது சொல் இருக்கவில்லை. என் மனைவி பவானி பிறகு சில சொற்களைக் கண்டுபிடித்தாள். அவற்றை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய தையல் மெஷின் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “ஐயா, நீங்கள் உண்மையிலேயே இப்படியா, இல்லை எழுத்துக்காகவா?” என்று கேட்டிருந்தார். அவருக்கான பதில்தான் இந்தக் கிழமை.

அமெரிக்காக்காரனின் மூன்று கட்டளைகள்

அப்போது நான் கோட்டையில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் கிளார்க். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளைக் கிளறுவது என் வழக்கம். அங்கேதான் அந்தச் சஞ்சிகை கிடைத்தது. அட்டையில் தொப்பி போட்ட ஓர் அமெரிக்காக்காரன். அவன் கையில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பச்சை மீன். பிரசவ வார்டில் முதல் பிள்ளையை வாங்கிய தகப்பனின் முகம் அவனுக்கு.

மீனின் பெயர் பாஸ். அகராதியைப் புரட்டினேன். கடல் பாஸ் என்றால் நம்முடைய கொடுவா என்று தெரிந்தது. அமெரிக்காக்காரனின் மீன் குளத்து மீன், கொடுவா கழிமுகத்து மீன், இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு சொந்தம் கிடையாது என்பதெல்லாம் எனக்கு மிகவும் பிந்தித் தெரிந்த விஷயங்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் மடியிலும் அப்படியொரு மீன் கிடக்க வேண்டும்.

கொச்சிக்கடையில் இருந்த என் மச்சான் ஒருவனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவன் ஏதோ ஒரு கப்பல்காரனிடமிருந்து ரீல் பூட்டிய தூண்டில் கம்பு ஒன்றை எனக்காக வாங்கி வந்தான். கூடவே ஒரு பெட்டி. அதற்குள் ரோஸ் நிற இறப்பர் புழுக்கள், ஈயக் கட்டிகள், வயிற்றில் இரண்டு கொளுக்கியோடு வர்ணம் பூசிய ஒரு மரமீன்.

சஞ்சிகையில் மூன்று கட்டளைகள் இருந்தன. சத்தம் போடாதே. தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் மரக்கட்டைகளின் ஓரமாகத் தூண்டிலை எறி. நேரம், காற்று, சத்தம், பலன் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வை.

நான் தேர்ந்தெடுத்த இடம், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஓடும் கால்வாய் ரயில் பாலத்துக்குக் கீழே போய்க் கடலில் விழும் வாய். அங்கே மரக்கட்டை இல்லை. பஸ் டயர் ஒன்று இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு எறிந்த குரும்பைக் கோம்பைகள் இருந்தன. ஒரு ஞாயிறு ஒரு சோபாகூட மிதந்து வந்தது. அமெரிக்காக்காரனை மனதில் நினைத்துக்கொண்டு சோபாவின் ஓரமாகவும் எறிந்து பார்த்தேன். பஞ்சு வந்தது.

மூன்றாவது கட்டளையைத்தான் நான் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன். கிளார்க் அல்லவா! சத்தத்தைக் குறிக்கச் சொன்னால், அந்த இடத்தில் கல்லையே ஆட்டி வைக்கும் சத்தம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே என் கொப்பி இப்படிப் போனது:

“6.10. தெற்குக் காற்று. மீன் இல்லை.

6.40. ரயில் போனது. மீன் இல்லை.

7.05. ரயில் போனது. பலமான இழுவை! பொலித்தீன் பை.

7.20. கடலில் ஒரு படகு வடக்கே போகிறது. மீன் இல்லை.”

பெயர் மட்டும் அந்தோனி

என் பரம்பரையைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். நாங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். அப்பா முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை செய்தார். நீந்தத் தெரியாது. பெரியப்பாவும் துறைமுகம். அவர் கப்பலைப் பார்த்தாலே தலைசுற்றல் என்று பண்டகசாலைக்கு உள்ளேயே காலத்தை ஓட்டியவர். கடலுக்கு அரை மைல் தூரத்தில் மூன்று தலைமுறையாக இருந்து, ஒரு கூனிறாலைக்கூடப் பிடிக்காத குடும்பம்.

எனக்கு அந்தோனி என்று பெயர் வைத்ததற்குக் காரணம் அந்தோனியார் கோவிலில் அம்மா வைத்த செவ்வாய்க்கிழமை நேர்த்திக்கடன். புனித அந்தோனியார் ஆற்றங்கரையில் நின்று பிரசங்கம் செய்தபோது மீன்களெல்லாம் தலையைத் தூக்கிக் கேட்டனவாம். என்னைக் கண்டால் அவை தலையை இன்னும் கீழே போட்டன.

பவானி வேறு மாதிரி மனுஷி. கடல் சூழ்ந்த ஊர்காவற்றுறைப் பக்கம். எங்கள் கந்தோருக்கு டைப்பிஸ்டாக வந்து, என் கையெழுத்தைத் திருத்தித் திருத்தி, கடைசியில் என்னையே திருத்தலாம் என்று நம்பிக் கல்யாணம் செய்தவள். மீனின் செவுளை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்து, அது செத்தது நேற்றா முந்தநாளா என்று மரண விசாரணை அதிகாரி மாதிரித் தீர்ப்புச் சொல்லுவாள்.

முதல் ஞாயிறு கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நான் புறப்பட்டபோது அவள் சொன்னாள்: “மீனோட வந்தால் குழம்பு. இல்லாட்டிப் பருப்பு.”

முதல் ஞாயிறு பருப்பு. இரண்டாவது ஞாயிறும் பருப்பு. மூன்றாவது ஞாயிறு அவள் என்னைக் கேட்கவேயில்லை, காலையிலேயே பருப்பை ஊறப் போட்டிருந்தாள். ஆண்மகனுக்கு அதைவிட அவமானம் உண்டா?

நாலாவது ஞாயிறு வீட்டுக்குப் போகும் வழியில் கால்கள் தாமாக வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குள் திரும்பின. அங்கே பியசேன என்று ஒரு மீன்காரர். அவரிடம் ஒரு கொடுவா இருந்தது. வாங்கினேன்.

அன்று பவானி செவுளைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “நல்ல மீன்” என்றாள். தேங்காய்ப்பால் விட்டு வைத்த அந்தக் குழம்பின் வாசனை மாடிப்படி முழுக்க இறங்கியது. கீழ் வீட்டுக்காரரைக் கண்டபோது நான் படியில் நின்று, கடலின் குணத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் “பிடித்தேன்”. ஒரு முறை மார்க்கெட்டில் கொடுவா இல்லை, அவசரத்தில் ஓர் அறக்குளாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். ஆழ்கடலில் திரியும் மீன் அது.

பவானி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது கால்வாய்க்கு வாறதோ?”

“வழி தவறி வந்திருக்கும்” என்றேன்.

“பாவம்” என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

புதிய சிப்பாய்

பாலத்துக்குப் பக்கத்தில் மணல் மூட்டை அடுக்கிய ஒரு காவலரண் இருந்தது. அதில் வழக்கமாக நிற்கும் சிப்பாய் அநுராதபுரப் பக்கத்துச் சிங்களவன். குளத்தில் மீன் பிடித்து வளர்ந்தவன். முதல் நாளே என் இறப்பர் புழுவைக் கையில் வாங்கி, நுள்ளிப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தான். அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் தூரத்தில் இருந்தே “மாளு?” என்று கேட்பான். மீன் கிடைத்ததா என்று. நான் கையை விரிப்பேன். எங்களுடைய இன ஒற்றுமை அந்த மட்டில் நன்றாகவே இருந்தது.

அந்த ஞாயிறு அவன் லீவில் போயிருந்தான். புதியவன் நின்றான். மீசை இன்னும் முழுதாக அரும்பாத முகம். கண்ணில் பயம். பயந்தவன் கையில் துவக்கு இருந்தால் நாம் இரட்டிப்பாகப் பயப்பட வேண்டும்.

“மே மொகத?” என்றான். இது என்ன?

“மாளு, மல்லி, மாளு”, மீன் தம்பி மீன், என்று சிரித்துக்கொண்டே பையைத் திறந்து காட்டினேன். ரோஸ் புழுவைத் துவக்கு முனையால் தள்ளினான். ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். மரமீன் அவன் விரலைக் குத்தியது. எட்டு மாதத்தில் அந்தக் கொளுக்கியில் மாட்டிய முதல் உயிர் அவன்தான்.

பிறகு கொப்பி.

தமிழ் அவனுக்குத் தெரியாது. இலக்கங்கள் எல்லாருக்கும் தெரியும். 6.40. 7.05. 7.40. பக்கம் பக்கமாக. அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் தலைக்கு மேலே தடதடவென்று போனது. அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கொப்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

கடைசிப் பக்கத்தில் நான் ஒரு படமும் கீறி வைத்திருந்தேன். கால்வாய், பாலம், பாலத்தின் தூண்கள். தூண்களின் அடியில் மூன்று சிலுவைக் குறிகள். மீன் பதுங்கக்கூடிய இடங்கள்.

வாசகரே, நீங்களே அந்தச் சிப்பாயாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

எட்டு மாதக் கொப்பி

பொலிஸ் நிலையத்துச் சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் எனக்கு முன்னரே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். லொட்ஜுகளில் பிடித்து வந்த பொடியன்கள். ஒருவன் செருப்பு இல்லாமல் இருந்தான். நான் கொண்டுவந்திருந்த பகிடிகள் எல்லாம் அந்த வாங்கில் இருந்தபோது தொண்டைக்குள்ளேயே செத்துப் போயின.

ஏனென்றால் எனக்குப் பவானியின் தம்பியைத் தெரியும். அவனும் இப்படி ஒரு வாங்கில்தான் முதலில் உட்கார்ந்தான். “ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டிடுவினம்” என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவன் வெளியே வர எட்டு மாதம் ஆனது. வந்த பிறகும் கதவு தட்டினால் எழுந்து நிற்பான்.

இன்ஸ்பெக்டர் நரைத்த மீசைக்காரர். குரலை உயர்த்தாதவர். என் கொப்பியை மேசையில் விரித்துத் தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டார். அவர் மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம், பெயர் நிஸ்தார். நிஸ்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்து, உடனே சிங்களத்தில் சொன்னார்.

“ரயில் போனது. மீன் இல்லை. ரயில் போனது. மீன் இல்லை. தூறல். மீன் இல்லை.”

பத்து நிமிஷம் போனது. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். இருபது நிமிஷத்தில் வாசலில் நாலைந்து பேர். “மீன் இல்லை” என்று வரும்போதெல்லாம் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

நிஸ்தார் களைத்துப் போய் நிமிர்ந்தார். “சேர், எல்லாப் பக்கமும் இதுதான்” என்றார். என் பக்கம் திரும்பி, “என்ன மிஸ்டர் இது, ஒரு கூனியாவது பிடிபட்டு ஈக்காதா?” என்றார்.

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். எட்டு மாதமாக ஒரு மீனும் பிடிக்காத மனிதன் ஒன்பதாவது மாதமும் எதற்காக வருகிறான்?

நான் என்ன சொல்லுவேன்? தங்கூஸ் நூலை விரலில் தொட்டுக்கொண்டு இருந்தால் தண்ணீரின் நாடித்துடிப்புத் தெரியும் என்றா? ஒவ்வொரு முறை எறியும்போதும் இந்த முறை நிச்சயம் என்று நெஞ்சு சொல்லும் என்றா? கிழமையில் அந்த இரண்டு மணி நேரம் மட்டும், நான் எங்கே பிறந்தேன், எதற்காகக் கொழும்பில் இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்பதில்லை என்றா?

“பொழுதுபோக்கு, சேர்” என்றேன். அந்த அறையில் அந்தச் சொல் எவ்வளவு பொய்யாக ஒலித்தது என்பதை நானே கேட்டேன்.

பச்சை பைல்

வீட்டுப் பதிவைச் சரிபார்க்கப் போன பொலிஸ்காரர் சொல்லித்தான் பவானி வந்தாள். கையில் பச்சை பைல். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் அப்படி ஒரு பைல் தொங்கும். கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், பொலிஸ் பதிவுத் துண்டு, லைட் பில். மற்றக் கையில் ஒரு துணிப்பை.

பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே இரவில் உடுக்கும் என் சாரம், ஒரு துவாய், சவர்க்காரம், பல்துலக்கும் பிரஷ்.

அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. விட்டுவிட்டுப் போகத் தயாராக வந்திருந்தாள். தம்பிக்கும் அவள்தான் இப்படி ஒரு பை கட்டினவள்.

என்னோடு பேச விடவில்லை. நிஸ்தார் கேட்டார்: “உங்கட ஹஸ்பண்ட் ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்றவரு?”

“மீன் பிடிக்கப் போறவர்.”

“பிடிக்கிறவரா?”

“ஓம். ஒவ்வொரு ஞாயிறும் கொண்டு வாறவர்.” அவள் விரல் விட்டு எண்ணினாள். “போன ஞாயிறு கொடுவா. அதுக்கு முந்தின ஞாயிறு பாரை. அதுக்கும் முந்தி விளைமீன். நான்தான் வெட்டிச் சமைச்சனான்.”

என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவள் சொன்ன ஒவ்வொரு மீனும் ஆணியாக இறங்கியது. இன்ஸ்பெக்டர் கொப்பியைப் புரட்டினார். போன ஞாயிறு: மீன் இல்லை. அதற்கு முந்தின ஞாயிறு: மீன் இல்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மனைவி மீன் என்கிறாள், கொப்பி இல்லை என்கிறது. அப்படியென்றால் இது மீன் கணக்கே இல்லை, அப்படித்தானே?

எனக்கு முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டு மானத்தோடு அந்தச் சாரத்தைக் கட்டிக்கொள்ளலாம். அல்லது பவானிக்கு முன்னால் வாயைத் திறக்கலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில விநாடிகள் யோசித்தேன்.

“சேர், கொப்பிதான் உண்மை” என்றேன். “மீன் எல்லாம் மார்க்கெட்டில் வாங்கினது.”

நிஸ்தார் அதை இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, பவானிக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். நான் சொன்னதே தமிழில்தான்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஒரு கொன்ஸ்டபிளை மார்க்கெட்டுக்கு அனுப்பினார். கால் மணி நேரத்தில் பியசேன வந்தார், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை செதிலோடு. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“ஆ, அப்பே மாத்தயா!” நம்முடைய ஐயா என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அவர் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் நிஸ்தார் ஒரு வரி விடாமல் பவானிக்கு மொழிபெயர்த்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

“ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பது மணிக்கு வாரவராம். முழு மீன்தான் எடுக்கிறவராம். வெட்ட விடமாட்டாராம்.”

பவானி என்னைப் பார்த்தாள்.

“ஐஸைக் கழுவிக் குடுக்கச் சொல்றவராம்.”

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

“பொறகு, மீன்ட சொண்டில கத்தியால ஒரு ஓட்டை போட்டுத் தரச் சொல்றவராம். தூண்டில் குத்தின மாதிரி.”

அறை வெடித்தது. வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வாங்கில் இருந்த செருப்பில்லாத பொடியன்கூடக் குனிந்து தோள் குலுங்கினான். பவானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று இத்தனை வருடத்தில் நான் கேட்கவில்லை. சில விஷயங்களைத் தெரியாமல் வைத்திருப்பது குடும்பத்துக்கு நல்லது.

இன்ஸ்பெக்டர் மட்டும் இன்னும் ஒரு வேலை செய்தார். ரயில் நேர அட்டவணையை எடுத்து என் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒரு நேரம்கூடப் பொருந்தவில்லை. பாதி ரயில்களின் தாமதம், மீதி என் கைக்கடிகாரத்தின் தாமதம். கடைசியில் கொப்பியை மூடினார். இந்தக் கொப்பியை நம்பி ஒருவனும் ரயிலில் ஏறக்கூட முடியாது என்றார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது.

கொப்பியை அவரே வைத்துக்கொண்டார். கம்பையும் வைத்துக்கொண்டார். என்னைத் திருப்பிக் கொடுத்தார்.

காலி வீதி

வெளியே வந்தபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும். வெயில் தாரில் பளபளத்தது. காலி வீதியில் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போயின. புடவைக்கடை வாசலில் யாரோ தேங்காய்ப்பூத் துவாய்களை உதறித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். பொடியன்கள் இன்னும் அந்த வாங்கில்தான் இருந்தார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் வேகமாகவும் நடக்க முடியவில்லை, மெதுவாகவும் நடக்க முடியவில்லை.

பவானி முன்னால் நடந்தாள். துணிப்பையை வாங்கப் போனேன், தரவில்லை. அதை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

மூன்று சந்தி கடந்தோம். இப்படியே வீட்டுப் படி ஏற முடியாது என்று தோன்றியது. எட்டி நடந்து அவளுக்குப் பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், தம்பியின் நினைவைக் கிளறிவிட்டதற்காக ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்தது இதுதான்:

“பவானி, அந்தோனியார் மேல சத்தியமா, இனி நான் மீனே பிடிக்கமாட்டேன்.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எப்ப பிடிச்சனீங்கள்?”